சாஸ்திரிகளின் கவலை

கச்சேரிக்கு முதல் நாள் தூக்கம் வராத வித்வான்களுக்குச் சியாமா சாஸ்திரிகளின் (1762–1827) கதை ஆறுதல் தரக்கூடும். பூலோகத்தையே பாய்போல் சுருட்டியவர் என்ற விருது தாங்கிய பொப்பிலி கேசவய்யா, தஞ்சைக்கு வந்து சவால் விடுத்தாராம். (விருதுகளுக்கு அக்காலத்திலும் பஞ்சமில்லை!) சமஸ்தானத்தின் மானம், பங்காரு காமாக்ஷிக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்த சாஸ்திரிகளின் தலையில் விழுந்தது. அவர் கலங்கிப்போய், அம்பாளின் சந்நிதியில் நின்று சிந்தாமணி ராகத்தில் முறையிட்டார் என்பது கர்ண பரம்பரை.

பயந்தவன் பழகிய வழியில்தான் போவான். தோடியும் பைரவியும் கைவசம் இருக்க, மற்றவர் அதிகம் தொடாத ஒரு ராகத்தை இவர் பற்றியது ஏன்? உயிர் துடிக்கும் வேளையில், பழகிய சொல் எதுவும் அவருக்குப் போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சபையில் கேசவய்யா 128 அக்ஷரங்கொண்ட சிம்மநந்தன தாளத்தை எடுக்க, சாஸ்திரிகள் 79 அக்ஷரத்துச் சரபநந்தனத்தால் வென்றார் என்பார்கள். வெற்றி தந்த அந்தத் தாளத்தை இன்று கையாளுவோர் அபூர்வம். கவலையில் பிறந்த சிந்தாமணிக் கிருதியையோ ரஸிகர்கள் இன்றும் கேட்டு உருகுகிறார்கள். சௌக்க காலத்தில், நின்று நிதானித்துப் பாடவேண்டிய கிருதி அது. அதைப் போய்ச் சில பாகவதர்கள் ரயிலைப் பிடிப்பதுபோல் விரட்டுகிறார்களே, அவர்களுக்கு என்ன கவலையோ!