தொட்டிலுக்கு முன்னே



சென்ற மாதம் எட்டயபுரத்தில் உறவினர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தேன். முதற் பிள்ளையைச் சுமந்திருந்த மருமகள் வாந்தியால் வாடியிருந்தாள். "வெற்றிலையோடு துளி புகையிலை வைத்து மெல்லு, குமட்டல் நின்றுவிடும்" என்று பெரியம்மா ஒருவர் பரிவோடு நீட்டினார். தவறெனத் தோன்றியும், கலைப் பட்டதாரியான எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. பின்னர் படித்தறிந்ததை இங்கே வரைகின்றேன்.

நரம்பணுக்களுக்கிடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. பெரும்பாலும் அதனைக் கடந்து செய்தி சேர்ப்பவை சில இரசாயனத் தூதுப்பொருள்கள். 1921 ஆம் ஆண்டில் ஓட்டோ லோவி என்னும் அறிஞர் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தணித்தார். அதனைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றோர் இதயத்தில் செலுத்தியபோது அதுவும் தணிந்தது. அத்திரவத்திலிருந்த தூதுப்பொருளே அசிட்டைல்கோலின்.

தூது சுமப்பதோடு இவற்றின் பணி முடிவதில்லை. வளரும் மூளையைக் கட்டுவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. இளம் நரம்பணு தன் நுனியால் வழி தடவிச் சென்று, சேரவேண்டிய அணுவைச் சேர்கிறது. இரவில் தூத்துக்குடித் துறைமுகத்தை நாடும் கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் போல, அதற்குத் துணைபுரிபவற்றுள் இத்தூதுப்பொருள்களும் சில. செரட்டோனின் பட்டதும் நத்தையின் குறிப்பிட்ட சில நரம்பணுக்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதை 1984 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். சுண்டெலியின் கரு மூளைக்கு வேண்டிய செரட்டோனினைத் தொடக்கத்தில் நஞ்சுக்கொடியே தயாரித்து அளிக்கிறது என்பது 2011 இல் வெளியாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா அம்மையாரின் குழு, எலிக்குட்டிகளை நாள்தோறும் சில மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து ஆராய்ந்தது. அவை வளர்ந்தபின் அச்சம் மிகுந்தவையாய் இருந்தன. செரட்டோனினை ஏற்கும் முறையும் மாறியிருந்தது. இத்துறைப் பணிக்காக அவருக்கு 2022 ஆம் ஆண்டின் இன்போசிஸ் பரிசு கிடைத்தது.

இனிப் புகையிலைக்கு வருவோம். அதிலுள்ள நிகோடின், அசிட்டைல்கோலின் அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்ளும். நஞ்சுக்கொடியையும் கடந்து கருவை எட்டும். உரிய வேளையில், உரிய அளவில் வரவேண்டிய செய்தி, வேளை தவறி, அளவு தவறி வருகிறது. கரையில் பொய் விளக்கு எரிந்தால் கப்பல் என்னாகும்? மேலும் எடை குறைந்தும், மாதம் நிறையாமலும் பிள்ளை பிறக்கும் அபாயம் கூடுகிறது. மென்றாலும் புகைத்தாலும் இத்தீங்கு உண்டு. ஆடவர்களே, நீங்கள் வீட்டுக்குள் ஊதும் பீடிப் புகையும் அவளைச் சேரும்.

அறியாமல் மென்ற தாய்மார்கள் கலங்க வேண்டாம். எந்த மாதத்தில் விட்டாலும் நன்மையே. குமட்டலுக்குச் சிறிது சிறிதாக அடிக்கடி உண்ணுங்கள். தண்ணீரும் தங்கவில்லையெனில் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மறுவாரம் பெரியம்மாவிடம் இவற்றைப் பணிவோடு எடுத்துரைத்தேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியை மூடி, "எங்கள் காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லையே, தம்பி" என்றார்.

நம் காலத்தில் சொல்லியாகிவிட்டது. இனிக் காப்பது நம் கடமை.