பழிவாங்கும் கதையை வீட்டில் வாசிக்கலாமா?

காஞ்சியின் நெசவாளர் தெருவில் வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தார், மாலைச் செபமாலை முடிந்ததும் பாயில் கூடி அமர்ந்து ஒரு பிரெஞ்சு நாவலை உரக்க வாசிக்கட்டும் என்று நாம் சொன்னால், முகம் சுளிப்போர் இன்றும் உளர். "விவிலியம் இருக்க, சாகசக் கதை எதற்கு?" என்பது அவர்தம் வினா. நாவல் அலெக்சாந்தர் தூமாவின் 'மாந்தே கிறிஸ்தோ பிரபு' என்றாலோ, "அது பழிவாங்கும் கதையாயிற்றே!" என்பர்.

தூமாவின் காதல் நாவல்களைத் திருச்சபை 1863இல் விலக்கப்பட்ட நூற்பட்டியலில் சேர்த்தது உண்மையே. ஆனால் அப்பட்டியல் 1966இல் சட்ட வலிமை இழந்தது. இலக்கியம் திருச்சபையின் வாழ்வுக்கும் இன்றியமையாதது என 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்திருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் இலக்கிய வாசிப்பை வலியுறுத்தித் தனி மடலே வரைந்தார். தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் மறையினரே. பட்டியல் போயிற்று, அச்சம் மட்டும் போகவில்லை.

அந்நூல்தான் என்ன சொல்கிறது? 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழொன்றில் தொடராக வந்த கதை அது. பொய்க் குற்றச்சாட்டால் தீவுச் சிறையில் வாடும் மாலுமி தாந்தேசுக்கு, உடன் சிறைப்பட்ட முதிய குரு ஃபாரியா மொழிகளும் கணிதமும் வரலாறும் கற்பிக்கிறார். கோவாவில் பிறந்து 1819இல் பாரிசில் மறைந்த குரு ஒருவரின் பெயர் அது. காட்டிக்கொடுத்தோர் யாரெனச் சீடன் கண்டறிய உதவிய மறுகணமே, அவன் நெஞ்சில் பழியுணர்வை விதைத்துவிட்டோமே என அவர் வருந்துகிறார். பின்னாளில் பிரபுவாகித் திரும்பும் தாந்தேஸ், தன்னைக் கடவுளின் கரமாகவே எண்ணிப் பகைவரை வீழ்த்துகிறான். அவ்வழியில் குற்றமறியாச் சிறுவன் ஒருவன் மாண்டு கிடக்கக் கண்டு நடுங்குகிறான். இறுதிப் பகைவனை மன்னித்து விடுகிறான். இது பழியைப் போற்றும் நூலா?

எனினும், தனியே விரைந்து படிக்கும் இளைஞன் பகைவர் வீழ்வதில் மட்டும் இன்புறக்கூடும். அதற்கு மருந்து நூலை மூடுவதன்று, கூடி வாசிப்பதே.

காஞ்சியின் கோர்வைத் தறியில் உடலையும் கரையையும் இணைக்க மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் அமர வேண்டும். ஒருகாலத்தில் பல இல்லங்களில் அத்துணையிடத்தில் அமர்ந்தோர் பள்ளி செல்ல வேண்டிய சிறுவர்கள். அவர்கள் கைக்கு எட்டாத நூலை அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குமா மறுப்பது? பேத்தி வாசிக்கட்டும், தாத்தா இடைமறித்து, "இவன் மன்னித்திருந்தால்?" என்று கேட்கட்டும். பாகப்பிரிவினைத் தகராறில் உடன்பிறந்தானோடு ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருக்கும் தந்தையும் அங்கே அமர்ந்திருப்பார். நம் மறையுரைகள் தொடாத இடத்தை அவ்வினா தொடும்.

தொலைக்காட்சித் தொடர்களில் மாமியாரும் மருமகளும் நாள்தோறும் பழிவாங்குவதை இமைகொட்டாது காணும் இல்லங்கள், ஒரு நல்ல நூலைக் கண்டு அஞ்சுவது என்ன நியாயம்? அன்புப் பெற்றோரே, நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும். செபமாலை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள், நூலைத் திறவுங்கள்.