கோர்ட் செலவு யார் தலையில்?



தீர்ப்பு வந்தால் யார் ஜெயித்தார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் கடைசி வரிக்குப் போவேன். ‘செலவுத்தொகை இல்லை’ என்று இருக்கும். அரசாங்கம் ஒரு தரப்பாக இருக்கும் வழக்கில் அந்த வரி எனக்கு உறுத்தும்.

வேலூர்ப் பக்கம் வேலை பார்த்த பிள்ளைகளுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. தடுக்கச் சட்டம் இருந்தது, வாரியமும் இருந்தது. ஆனால் 1991-இல் உச்ச நீதிமன்றப் படி ஏறியது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். இது பலருக்கு நினைவிருக்கிறது. வழக்காடிய எம்.சி. மேத்தாவுக்குக் கட்டணமும் கைச்செலவுமாக 50,000 ரூபாயைத் தமிழக அரசு தர வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னதைத்தான் யாரும் பேசுவதில்லை.

அரசு செய்ய வேண்டிய வேலையை வேறொருவர் செய்தார், அரசு கூலி கொடுத்தது. சரிதான். ஆனால் அது நம் வரிப்பணம். ஆற்றைக் கெடுத்தவர்களிடம் அதையும் சேர்த்து வசூலித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதிகாரி தூங்கினால்? 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக மேல்முறையீட்டுக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் விதித்து, பொறுப்பான அதிகாரிகளிடம் அதைப் பிடிக்கச் சொன்னது. இப்படி நாலு உத்தரவு வந்தால் கோப்புகள் தானாக நகரும்.

சாதாரண சிவில் வழக்கில், பொய்யென்று தெரிந்தே தாவா போட்டவர் தரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வெறும் 3,000 ரூபாய். 1976-இல் திருத்திய தொகை! சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-இலேயே உச்ச நீதிமன்றம், பயணம், தங்கல், தட்டச்சு, செலவான நேரம் உட்பட உண்மையான, நியாயமான செலவைத் தர வேண்டும் என்றது. சாரத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வாய்தாவுக்குப் போய் வந்தவருக்கு இதன் அருமை புரியும்.

அரசு ஜெயித்தால் ஏழையிடம் மொத்தச் செலவையும் பிடுங்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. பிரான்சில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். அங்கே நிர்வாக நீதிமன்றத்தில் தோற்றது அரசாங்கமே ஆனாலும் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவுக்கு ஒரு தொகை கட்டச் சொல்லலாம். தோற்றவரின் வசதியைப் பார்த்து நீதிபதி அதைக் குறைக்கலாம், விட்டும் விடலாம். தள்ளுவண்டிக்காரரையும் ஆலை முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தாத அந்த முறை இங்கும் வரட்டும்.

வக்கீலாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாதம் முடிந்ததும் செலவுப் பட்டியலைக் கோர்ட்டில் கொடுங்கள். பஸ் டிக்கெட், ஜெராக்ஸ் ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கும்படி கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.