சுகர் வந்தால் சோற்றை விட வேண்டுமா? எங்கள் நிலைப்பாடு

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்காகப் பணியாற்றும் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. விட வேண்டாம். சோற்றைக் குறைத்து, காயையும் பருப்பையும் மீனையும் கூட்ட வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

தமிழகப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு தெரிவித்தது. அதன் 2025ஆம் ஆண்டு உணவு ஆய்வின்படி, இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது மட்டும் ஆபத்தைக் குறைப்பதில்லை என்பதையும் அது காட்டியது.

ஆகவே நாங்கள் வலியுறுத்துபவை:

1. இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிடுவது பத்தியம் ஆகாது. கேழ்வரகுக் கஞ்சியும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதற்கும் விலக்கு இல்லை. பண்ருட்டிப் பலாச்சுளைக்கும் கணக்கு உண்டு.

2. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை, மீதிக் கால் பங்கு சோறு. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இதற்காகப் புதுச் சமையல் கற்க வேண்டாம். சம்பா சாதத்துக்குக் கத்தரிக்காய் கொத்சு, திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு என்று சிதம்பரத்துச் சமையலிலேயே காய் இருக்கிறது. களி ஒரு கரண்டி, கூட்டு ஒரு கிண்ணம் என்று அளவை மாற்றினால் போதும். கடற்கரை வீடுகளில் மீன் துண்டைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, வெறும் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடும் பெண்களுக்கும் அந்த மீன் தேவை.

3. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தவோ விரதம் இருக்கவோ கூடாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

4. ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் வருகிறது. பல அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ. மானிய விலைத் துவரம்பருப்போ அட்டைக்கு ஒரு கிலோதான். இந்த நிலையில் ஏழைகளிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது பாதி அறிவுரை. பருப்பின் அளவை அரசு உயர்த்த வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வீடு தேடி வரும் ஊழியர்களுக்குச் சாப்பாட்டு அளவைச் சொல்லித்தரவும் பயிற்சி வேண்டும்.

நீரிழிவோடு வாழும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்: ஒரு வாரம் எத்தனை கரண்டி சோறு சாப்பிட்டீர்கள், இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.