யாருக்காக அந்தக் கிலுகிலுப்பை?

சான் டியேகோ நகரத்துக்கு மின்சாரமும் எரிவாயுவும் வழங்கிய நிறுவனத்தில் சேர்ந்து, அதன் தலைவர் பதவிவரை உயர்ந்தவர் பொறியாளர் லாரன்ஸ் கிளாபர். அது பகல் வேலை. 1920-களின் தொடக்கத்தில், ஊரில் புதிதாக அமைந்த உயிரியல் பூங்காவுக்கு வந்த பாம்புகளை இனம் பிரித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. ஆர்வமுள்ளவர் என்று கிளாபரைக் கூப்பிட்டார்கள். அன்று தொட்டதை 1968-ல் இறக்கும்வரை அவர் விடவில்லை. செதில்களை எண்ணினார், நீளத்தை அளந்தார், எல்லாவற்றையும் பொறியாளருக்கே உரிய ஒழுங்கோடு எழுதி வைத்தார். பாலைவனச் சாலைகளில் இரவில் காரை மெல்ல ஓட்டிப் போய், முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் சாலையைக் கடக்கும் பாம்புகளைக் கணக்கெடுத்தார். இன்றும் பாம்பு ஆய்வாளர்கள் கையாளும் முறை அது.

அவர் சேர்த்த ஏறத்தாழ 36,000 மாதிரிகள் சான் டியேகோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கிலுகிலுப்பை விரியன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1956-ல் இரண்டு தடித்த தொகுதிகளாக வெளிவந்தது. உடற்கூறு, விஷம், வாழ்க்கை முறை என்று எதையும் விடாத அந்த நூல் கட்டுக்கதைகளையும் விடவில்லை. குதிரைமயிர்க் கயிற்றைப் படுக்கையைச் சுற்றிப் போட்டுவிட்டால் பாம்பு தாண்டி வராது என்று மேற்கு அமெரிக்க மாட்டுக்காரர்கள் நம்பினார்கள். பாம்புகள் அந்தக் கயிற்றை எளிதாகத் தாண்டிப் போகும்.

ஒரு மின்பொறியாளரை இந்தப் பாம்பு அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு அவர் வாழ்ந்த மண்ணும் ஒரு காரணம். சான் டியேகோ மாவட்டம் மேற்கே பசிபிக் கடலில் தொடங்குகிறது. கடற்கரையை விட்டு ஏறினால் மணமுள்ள குட்டைப் புதர்கள் மூடிய குன்றுகள். அடுத்து பைன் மரங்கள் நிற்கும் மலை. மலையின் மறுபக்கம் இறங்கினால் ஆன்சா-பொரேகோ பாலைவனம். காரில் இரண்டு மணி நேரத்தில் இத்தனையையும் கடந்துவிடலாம். இந்தச் சிறிய பரப்புக்குள் நான்கு வகைக் கிலுகிலுப்பை விரியன்கள் வாழ்கின்றன: கடலோரம் தொட்டு மலைவரை பரவியிருக்கும் தென்பசிபிக் விரியன், செம்பாறைகளின் நிறத்தோடு கலந்துபோகும் செவ்வைர விரியன், கருங்கல் பொடியைத் தூவியதுபோன்ற உடலுள்ள புள்ளி விரியன், மணலில் பக்கவாட்டில் நகரும் கொம்பு விரியனான சைடுவைண்டர். இதே நிலம் எல்லைக்குத் தெற்கே மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பமாக நீள்கிறது. அங்கேயும் அதன் கிழக்கிலுள்ள வளைகுடாத் தீவுகளிலும் இன்னும் பல வகைகள் உண்டு.

அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே உலகில் எங்கும் கிலுகிலுப்பை விரியன் கிடையாது. ஆனால் அதன் நெருங்கிய உறவினர்களைத் தமிழ்நாட்டு மலையேறிகள் பார்த்திருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காட்டுப் பாதைகளில் கிளையோடு கிளையாக அசையாமல் கிடக்கும் மலபார் குழிவிரியனும் மூங்கில் குழிவிரியனும் அதே துணைக்குடும்பம்தான். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு சிறு குழி எல்லாவற்றுக்கும் பொது. அந்தக் குழிக்குள் இழுத்துக் கட்டியிருக்கும் மெல்லிய சவ்வு வெப்பத்தை உணர்கிறது. கும்மிருட்டிலும் எலியின் உடல் சூடு பாம்புக்குத் தெரிந்துவிடும். சவ்வின் நரம்புகளில் வெப்பத்தை உணரும் புரதம் எது என்பதை 2010-ல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. வெப்பமும் தொடுதலும் உணரப்படும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

குழி உறவினர்களுக்கும் உண்டு. கிலுகிலுப்பை இந்த அமெரிக்க விரியன்களுக்கு மட்டும்தான்.

நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன உள்ளீடற்ற கண்ணிகள், ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்துக்கொண்டு வால்நுனியில் நிற்கின்றன. உள்ளே மணியோ பரலோ எதுவும் கிடையாது. கண்ணியோடு கண்ணி மோதுவதில் பிறக்கும் ஓசை அது. பாம்பு ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு கண்ணி கூடும். இளம் பாம்பு ஆண்டுக்குப் பலமுறை சட்டை உரிக்கும். நுனிக் கண்ணிகள் பாறையிலும் முள்ளிலும் பட்டு உடைந்தும் போகும். அதனால் கண்ணிகளை எண்ணி வயது சொல்வது நடக்காத காரியம். பிறந்த குட்டியின் வாலில் ஒரே ஒரு குமிழ்தான் இருக்கும், அதனால் ஓசை எழுப்ப முடியாது.

வாலை ஆட்டும் தசைகள் முதுகெலும்புள்ள விலங்குகளின் மிக வேகமான தசைகளில் சேர்ந்தவை. உடல் நன்றாகச் சூடேறியிருந்தால் நொடிக்கு 50 முறைக்கு மேல் சுருங்கி விரியும், சோர்வில்லாமல் நெடுநேரம் நீடிக்கும். கேட்பவருக்குத் தனித்தனி தட்டலாகக் கேட்பதில்லை. காய்ந்த எண்ணெயில் கடுகு இடைவிடாமல் பொரிவதுபோல ஒரே இரைச்சல். ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் ஷானியோவும் அவருடைய குழுவினரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இரைச்சலுக்குள் ஒரு நுட்பத்தைக் காட்டியது. ஒருவர் நெருங்க நெருங்கப் பாம்பு வாலாட்டும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறது. குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்ததும் வேகம் சட்டென்று எகிறித் தாவுகிறது. கணினியில் உருவாக்கிய புல்வெளியில் மனிதர்களை நடக்கவிட்டு அதே ஒலியைக் கேட்கச் செய்தபோது, ஒலி தாவிய கணத்தில் ஒலி எழும் இடம் உண்மையில் இருந்ததைவிட மிகப் பக்கத்தில் இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். கொத்துவதற்கு வெகு முன்பே, எதிராளியின் காதில் தூரத்தைச் சுருக்கிக் காட்டி அவரை நிறுத்திவிடுகிறது பாம்பு.

இந்தப் பாம்பைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கிலுகிலுப்பை வேட்டைக் கருவி ஆகாது. இரைக்காகக் காத்திருக்கும்போது இந்த விரியன் வாலைத் துளியும் அசைக்காது. மிதித்துவிடக்கூடிய, கொன்றுவிடக்கூடிய பெரிய உயிர்கள் வரும்போதுதான் ஓசை. விஷம் தயாரிக்க உடலுக்குச் செலவாகிறது. தின்ன முடியாத ஒன்றின்மேல் அதைக் கொட்டுவதால் பாம்புக்கு நட்டம், ஆபத்தும் கூட. வாலை ஆட்டி விரட்டிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

இந்த ஓசையைக் கேட்டுக் கேட்டு மற்ற உயிர்கள் கற்றுக்கொண்டவை வியக்க வைக்கின்றன. கலிஃபோர்னியாவின் வளைகளில் குடியிருக்கும் சிறிய ஆந்தை ஒன்று, வளைக்குள் எதிரி எட்டிப் பார்த்தால் கிலுகிலுப்பையைப் போலவே சீறுகிறது. கோஃபர் பாம்புக்கு விஷமும் இல்லை, கிலுகிலுப்பையும் இல்லை. அது தலையைத் தட்டையாக்கிக்கொண்டு, காய்ந்த சருகில் வாலை அடித்து அந்த ஓசையை உண்டாக்குகிறது. பாவம், அதனாலேயே விரியன் என்று எண்ணப்பட்டு மண்வெட்டிக்கு இரையாகிறது.

தரை அணிலின் கதை இன்னும் நீளம். அதன் குட்டிகள்தான் விரியனுக்குப் பிடித்த இரை. வளர்ந்த அணிலின் இரத்தத்தில் அந்த விஷத்தைத் தாங்கும் ஆற்றல் உண்டு என்பதால் தாய் அணில் பாம்பை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. பாம்பு உரித்த சட்டையைக் கண்டால் மென்று, தன் மயிரையும் குட்டிகளின் மயிரையும் நக்கிப் பாம்பின் வாசனையைப் பூசிக்கொள்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்டது இதற்கெல்லாம் சிகரம். கிலுகிலுப்பை விரியன் முன்னால் வாலை ஆட்டும்போது அணில் அந்த வாலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சிச் சூடேற்றுகிறது. வெப்பத்தைப் பார்க்கும் எதிரிக்கு வாலைப் பெரிதாகக் காட்டும் வழி அது. வெப்பம் உணராத கோஃபர் பாம்பு முன்னால் வாலை ஆட்டுமே தவிரச் சூடேற்றுவதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், பாலைவனத்தில், இதே போராட்டம் மணலில் நடக்கிறது. சைடுவைண்டர் மணலில் உடலைப் பாதி புதைத்துக்கொண்டு கங்காரு எலிக்காக இரவெல்லாம் காத்திருக்கும். அதன் கொத்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரூலன் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் அதிவேகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்களில், எலி அதற்குள் எம்பிக் குதித்து, அந்தரத்திலேயே பாம்பைப் பின்னங்காலால் உதைத்துத் தள்ளுவது தெரிகிறது. சைடுவைண்டர் சரியும் மணல்மேட்டில் ஏறும் விதமும் ஆராயப்பட்டிருக்கிறது. சரிவு கூடக்கூட, உடலின் கூடுதல் நீளத்தை மணலில் பதித்துக்கொள்கிறது அது. 2014-ல் இதைக் கண்டறிந்தவர்கள் அந்த உத்தியைப் பாம்பு வடிவ எந்திரம் ஒன்றுக்குக் கற்றுக்கொடுத்த பிறகே அதனால் மணல் ஏற முடிந்தது.

கேட்க ஆள் இல்லாத இடத்தில் கிலுகிலுப்பை என்னவாகும்? பாஹா கலிஃபோர்னியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சாந்தா கத்தலினா என்ற தீவில் அதற்கு விடை இருக்கிறது. அங்கே மட்டுமே வாழும் விரியனுக்குக் கிலுகிலுப்பை இல்லை. சட்டை உரிக்கும்போது கண்ணி வாலில் தங்காமல் சட்டையோடு கழன்றுபோகிறது. ஓசையின்றிப் புதரேறிப் பறவை பிடிப்பதற்காகத் தொலைத்துவிட்டது என்று முன்பு எழுதினார்கள். அதன் உணவை ஆராய்ந்தபோது கிடைத்தவை பெரும்பாலும் எலிகளும் பல்லிகளும்தான். மிதிக்கும் பெரிய விலங்கு இல்லாத தீவில் எச்சரிக்கைக்குத் தேவையே இல்லாமல் போனது என்ற விளக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பூனைகள் அந்தத் தீவில் பெருகி எலிகளையும் பாம்புகளையும் தின்றன. அவற்றைப் பிடித்து அகற்றும் வேலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. விரியன் இன்னும் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது.

கடித்தால் ஆபத்து என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்புகள் கடிக்கின்றன, ஏறக்குறைய ஐந்து பேர் இறக்கிறார்கள். தென்பசிபிக் விரியனின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெரும்பாலான இடங்களில் தசையையும் இரத்தத்தையும் சிதைக்கும். சான் ஹசின்டோ மலைப்பகுதியில் நரம்பைத் தாக்கும் நஞ்சும் அதில் கலந்திருக்கிறது. குட்டிப் பாம்புக்கு விஷத்தை அளந்து செலுத்தத் தெரியாது, அதனால் அது கடித்தால்தான் ஆபத்து அதிகம் என்ற பேச்சு அங்கே எல்லோர் வாயிலும் உண்டு. லோமா லிண்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஹேய்ஸ் பல ஆண்டுகளாக அதை மறுத்து வருகிறார். பெரிய பாம்பு செலுத்தும் விஷம் பல மடங்கு கூடுதல். கடிபட்டவருக்குத் தேவை மருத்துவமனை மட்டுமே. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கெடுதல் செய்யும்.

சிகிச்சைச் செலவோ தலை சுற்ற வைக்கும். 2015-ல் சான் டியேகோவில் ஒருவர் விரியனோடு செல்ஃபி எடுக்க முயன்று கடிபட்டார். அவருக்கு வந்த மருத்துவமனைக் கட்டணம் 1,53,000 டாலருக்கு மேல், அதில் பாதிக்கும் மேல் மருந்துக்கு மட்டும். ஒரு குப்பி விஷமுறிவு மருந்து ஆயிரக்கணக்கான டாலர் விற்பது கொடுமை. அதே சமயம், தென்கிழக்கு அமெரிக்காவின் குள்ளக் கிலுகிலுப்பை விரியனின் விஷத்திலிருந்த ஒரு புரதத்தைப் பார்த்து உருவாக்கிய எப்டிஃபிபட்டைடு, 1998-ல் அனுமதி பெற்று இதய நோயாளிகளின் இரத்தம் உறையாமல் காக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவர்கள் நன்றாக அறிந்த மருந்து அது.

சான் டியேகோவின் நான்கு வகைகளிலும் இப்போது கவலைப்பட வேண்டியது செவ்வைர விரியனைப் பற்றி. கருப்பும் வெள்ளையுமாக வளையமிட்ட வால் கொண்ட, பெரும்பாலும் சீண்டினாலும் விலகிப்போகப் பார்க்கும் சாதுவான பாம்பு. அமெரிக்காவில் அது வாழ்வது தெற்குக் கலிஃபோர்னியாவில் மட்டும்தான். கடலோரக் குன்றுகளின் புதர்க்காடு பெருமளவு அழிந்து வீடுகளாகிவிட்டது. கலிஃபோர்னியா அரசு இந்தப் பாம்பைத் தனிக் கவனம் தேவைப்படும் இனமாக அறிவித்திருக்கிறது. சான் டியேகோவின் வீடுகள் பள்ளத்தாக்குகளின் விளிம்புவரை கட்டப்பட்டிருப்பதால், கோடை முடிவில் குட்டிகள் பிறக்கும் காலத்தில் கொல்லைப்புறத்தில் பாம்பு என்ற அழைப்புகள் குவிகின்றன. பிடித்துக்கொண்டு போய் எங்கோ தொலைவில் விட்டால், ஒளிவிடமும் தண்ணீரும் தெரியாத இடத்தில் அலைந்து பல பாம்புகள் இறந்துவிடுகின்றன. பக்கத்தில் விட்டால் உயிரோடு இருக்கும், ஆனால் பல அதே கொல்லைக்குத் திரும்பி வரும். வளையை அடைப்பதும், வேலிக்கு அடியில் நுண்வலை பதிப்பதும், எலி பெருகாமல் பார்த்துக்கொள்வதும், மிச்சமிருக்கும் புதர்க்குன்றில் கட்டட அனுமதி கொடுக்காமல் இருப்பதும்தான் நிலைக்கக்கூடிய வழிகள்.

பிடிக்க வேண்டியே வந்தால் எப்படிக் கொண்டு போவது என்பதற்கும் லோமா லிண்டாவிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. செல்சி மார்ட்டினும் ஹேய்ஸும் மற்றவர்களும் தென்பசிபிக் விரியன்களை வாளிக்குள் வைத்துத் தொந்தரவு கொடுத்து இதயத்துடிப்பை அளந்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். தனியாக இருந்த பாம்பின் துடிப்பு எகிறியது. பாம்பு அளவுள்ள கயிற்றைத் துணைக்குப் போட்டபோதும் அப்படியே. உண்மையான இன்னொரு விரியன் உடன் இருந்தபோது மட்டும் துடிப்பின் ஏற்றம் தெளிவாகக் குறைந்தது. ஒரே கொல்லையில் இரண்டைப் பிடித்தவர்கள் அவற்றை ஒரே வாளியில் ஏற்றிச் செல்லலாம்.