கூலி ஒரு மாநிலத்தில், குடும்பம் மறு மாநிலத்தில்: எல்லை ஊர்களில் இஎஸ்ஐ சந்தாவை யார், எவ்வளவு சுமக்கிறார்கள்?

பனச்சமூடு: தமிழ்நாட்டின் விளவங்கோடு பகுதியையும் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளையும் இணைக்கும் எல்லை ஊர்களில், வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மறு மாநிலத்திலும் இருப்பது புதுமையன்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போடப்பட்ட பிறகும் உறவுகளும் சந்தையும் கூலி வேலையும் பழைய தடத்திலேயே நடந்து வருகின்றன. ஆனால் நோய் வந்தால் யார் செலவழிப்பது என்ற கேள்விக்கு மட்டும், எந்தப் பக்கம் வேலை, எந்தப் பக்கம் குடும்ப அட்டை என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இரு மாநிலங்களுக்கும் பொதுவாக உள்ள ஓர் ஏற்பாடு, இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். இதில் தொழிலாளியும் முதலாளியும் சந்தாவைப் பகிர்ந்துகொள்ளும் விகிதம் நாடு முழுவதற்கும் ஒன்றே. 2019 ஜூலை 1 முதல் ஊதியத்தில் 4 விழுக்காடு சந்தாவாகச் செலுத்தப்படுகிறது. அதில் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. மாதம் ரூ.12,000 ஊதியம் பெறும் ஒரு துணிக்கடை விற்பனையாளரிடம் பிடிக்கப்படுவது ரூ.90, அவருக்காகக் கடை உரிமையாளர் செலுத்த வேண்டியது ரூ.390. 2019-க்கு முன்பு இதே ஊதியத்துக்குத் தொழிலாளி ரூ.210, முதலாளி ரூ.570 செலுத்தினர். குறைப்பால் தொழிலாளிக்கு மாதம் ரூ.120 மிச்சம், முதலாளிக்கு ரூ.180 மிச்சம். மொத்தச் சந்தாவில் தொழிலாளியின் பங்கு ஏறத்தாழ 27 விழுக்காட்டிலிருந்து 18.75 விழுக்காடாக இறங்கியது.

தொழிலாளர் பேச்சில் இதற்கு வழங்கும் சொல் 'பிடித்தம்'. 'இஎஸ்ஐ பிடிக்கிறார்கள்' என்றுதான் சொல்வார்கள். 'இஎஸ்ஐ கட்டுகிறார்கள்' என்று சொல்வோர் குறைவு. சொல் சிறியதாயினும் அது மறைப்பது பெரிது. ஊதியச் சீட்டில் கண்ணில் படுவது 0.75 விழுக்காடு மட்டுமே. அதைவிட நான்கு மடங்குக்கும் மேலான முதலாளியின் பங்கு சீட்டில் இடம்பெறாத இடங்களில், அது முறையாகச் செலுத்தப்பட்டதா என்று கேட்க வேண்டும் என்ற எண்ணமே தொழிலாளிக்கு எழுவதில்லை.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே உள்ளது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, இரு பங்குகளையும் முதலில் செலுத்த வேண்டியவர் முதன்மை முதலாளியே. ஒப்பந்தக்காரர் வழியாக வந்த தொழிலாளிக்கும் இது பொருந்தும். தொழிலாளியின் பங்கை ஊதியத்தில் பிடித்துக்கொள்ளலாம். தமது பங்கை எந்த ஒப்பந்தத்தின் பெயராலும் பிடிக்க முடியாது. பிடித்த தொகை, தொழிலாளி நம்பி ஒப்படைத்த பணமாகவே கருதப்படும். ஆயினும் வேலைக்குச் சேரும்போது 'மொத்தச் செலவு' என்ற கணக்கில் முதலாளியின் 3.25 விழுக்காட்டையும் சேர்த்துக் காட்டி, கையில் கிடைக்கும் ஊதியத்தை அதற்கேற்பக் குறைத்துப் பேசும் வழக்கம் பரவலாக உள்ளது. சட்டத்தின் எழுத்து மீறப்படுவதில்லை. சுமை மட்டும் அமைதியாக இடம் மாறிவிடுகிறது.

ஒரே விகிதம், வெவ்வேறு கூலி

விகிதம் ஒன்று என்பதால் எல்லையின் இருபுறமும் நிலைமை ஒன்று எனக் கருத முடியாது. விகிதம் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறதோ, அந்தத் தொகை வேறுபடுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்கள் குறித்த புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-இல் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் ரூ.852.50, தமிழ்நாட்டில் ரூ.500-ஐ ஒட்டியிருந்தது. மாதத்துக்கு 25 நாள் வேலை என்று கொண்டால், தமிழ்நாட்டுப் பக்கம் சுமார் ரூ.12,500 வருகிறது. கேரளப் பக்கம் ரூ.21,312.50 வருகிறது.

இந்த இரண்டாவது தொகையில்தான் சிக்கல் உள்ளது. இஎஸ்ஐ பாதுகாப்புக்கான ஊதிய உச்சவரம்பு மாதம் ரூ.21,000. மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.25,000. ரூ.15,000-ஆக இருந்த வரம்பு 2017 ஜனவரி 1 அன்று ரூ.21,000-ஆக உயர்த்தப்பட்டது, அதன்பின் நகரவில்லை. கட்டுமானப் பணியிடத் தொழிலாளர்களுக்கு 2015-இல்தான் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. ஆனால் எல்லையைத் தாண்டி நல்ல கூலிக்குச் செல்லும் தொழிலாளி, சராசரிக் கூலியிலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறார். அதே வேலையை விளவங்கோட்டுப் பக்கம் செய்பவருக்குப் பாதுகாப்பு உண்டு, கூலிதான் குறைவு. நாட்டுக்கு ஒரே வரம்பு என்பது கூலி உயர்ந்த மாநிலத்தின் தொழிலாளர்களை விரைவில் வெளியே தள்ளுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

வரம்பைத் தாண்டியவுடன் அட்டை பறிபோவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என ஆண்டுக்கு இரு சந்தாக் காலங்கள் உள்ளன. இடையில் ஊதியம் உயர்ந்தாலும், அந்தக் காலம் முடியும்வரை முழு ஊதியத்துக்கும் சந்தா செலுத்தப்பட்டு, பாதுகாப்பு தொடரும். மிகை நேர ஊதியம் வரம்புக்கான கணக்கில் சேராது. காலம் முடிந்தபின் ரூ.500 கூடுதலாகப் பெறுபவரும் முற்றாக வெளியேறுகிறார். அவ்வாறு வெளியேறியவருக்கு முதலாளி குழுக் காப்பீடு எடுத்துத் தர முன்வரலாம். அதில் யார் எவ்வளவு செலுத்துவது என்பதற்கு இஎஸ்ஐ சட்டத்தில் உள்ளதுபோல் விகிதம் ஏதும் இல்லை. முதலாளியின் மனமே விதி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடைத்தது. குழுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு வரி தொடர்கிறது.

கீழ்முனையிலும் ஒரு விலக்கு உண்டு. சராசரி நாள்கூலி ரூ.176 வரை உள்ளவர் தமது பங்கைச் செலுத்தத் தேவையில்லை. முதலாளி மட்டும் செலுத்துவார். நல்ல எண்ணத்தில் பிறந்த விதிதான். ஆனால் 2025-26-இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள்கூலியே தமிழ்நாட்டில் ரூ.336, கேரளத்தில் ரூ.369. இந்த எல்லையில் சட்டப்படி கூலி பெறும் எவருக்கும் அந்த விலக்கு இன்று பயன்படாது.

சந்தா எதை வாங்குகிறது?

இத்திட்டத்தை வெறும் மருத்துவக் காப்பீடு என்று பார்ப்பது போதாது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் என்பதோடு, நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடும், மகப்பேற்றில் 26 வாரம் முழு ஊதியமும், பணியிட விபத்தில் 90 விழுக்காடும் ரொக்கமாகக் கிடைக்கும். ரூ.12,000 ஊதியக்காரரும் ரூ.20,000 ஊதியக்காரரும் வெவ்வேறு தொகை செலுத்தினாலும் மருத்துவம் ஒன்றே. மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது.

இந்தப் பயன்களின் வாயிலில் நிற்கும் காவலாளி, நாள்கணக்கு. நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். முந்திரி ஆலைகளில் இது பெருங்கவலை. கேரளத்தைவிடக் குறைந்த கூலியை நாடிக் கொல்லத்து முதலாளிகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆலைகள் அமைத்தது பழைய வரலாறு. அங்கு உடைத்தல், தோலுரித்தல், தரம் பிரித்தல் வேலைகளில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள். கொட்டை வரத்து நின்றால் ஆலை மூடப்படும். ஆலை மூடினால் கூலி இல்லை, கூலி இல்லாத நாட்களுக்குச் சந்தாவும் இல்லை. 77 நாள் வேலை செய்தவர் தமது 0.75 விழுக்காட்டை ஒழுங்காகச் செலுத்தியவரே. அந்த ஒரு நாளைத் தமது கைப்பணத்தால் ஈடுசெய்ய அவருக்கு வழியில்லை.

இன்னும் சிலருக்கு வாயிலே இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் சந்தைக் கடைகள் கட்டாயப் பதிவுக்குள் வருவதில்லை. சிறு ரப்பர் தோட்டங்களில் ஒருவர் இருவராக வேலை செய்யும் பால்வெட்டுத் தொழிலாளர்களும் அவ்வாறே.

போட்டி குறித்த பழைய அச்சம்

எல்லைக்கு இருபுறமும் ஒரே விகிதம் என்பது தற்செயல் அல்ல. பி.பி. அதார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் சட்டம் உருவாயிற்று. திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. சில ஊர்களில் மட்டும் தொடங்கினால் அவ்வூர் ஆலைகளின் செலவு கூடும், மற்ற ஊர் ஆலைகளுடன் போட்டியிட முடியாது என்று முதலாளிகள் அஞ்சினர். ஆகவே 1951-இல் சட்டம் திருத்தப்பட்டு, திட்டம் வராத ஊர்களின் முதலாளிகளிடமும் சிறப்புச் சந்தா வசூலிக்கப்பட்டது. திட்டம் வந்த ஊர்களில் அது சற்றுக் கூடுதல். கூலியில் போட்டி இருக்கலாம், காப்பீட்டுச் சந்தாவில் இருக்கக் கூடாது என்ற அந்த முடிவின் பயனை இன்றைய எல்லை ஊர்கள் அனுபவிக்கின்றன. சந்தா விகிதத்துக்காக எந்த ஆலையும் எல்லை தாண்ட வேண்டியதில்லை.

பகிர்வு எப்போதும் இன்றைய வடிவில் இருந்ததில்லை. ஜெர்மனியில் 1883-இல் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டில் தொழிலாளர் மூன்றில் இரு பங்கும் முதலாளிகள் ஒரு பங்கும் செலுத்தினர். இன்று அங்கு பொது விகிதமான 14.6 விழுக்காட்டை இருவரும் சரிபாதியாக ஏற்கின்றனர். அந்த அளவுகோலில் இந்தியத் தொழிலாளியின் பங்கு குறைவே. ஆனால் கேரள அரசு தன் ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் 2022 ஜூலையில் தொடங்கிய மெடிசெப் திட்டத்தின் முதல் கட்டத்தில், ஆண்டுப் பிரீமியம் ரூ.4,800, அதன்மேல் 18 விழுக்காடு வரி. ஊழியரிடம் பிடித்தது மாதம் ரூ.500, அதாவது ஆண்டுக்கு ரூ.6,000. தனியார் முதலாளி ஐந்தில் நான்கு பங்கு செலுத்த வேண்டும் என்கிறது சட்டம். அரசே முதலாளியான இடத்திலோ, ஊழியர்களிடம் பிடித்த தொகையே முழுப் பிரீமியத்துக்கும் போதுமானதாக இருந்தது.

புதிய தொகுப்பும் எல்லைக் குடும்பங்களும்

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. மாற்றக் காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்றும் கூறப்பட்டது. ஆபத்தான தொழில்களில் ஒருவர் பணியாற்றினாலும் இஎஸ்ஐ பாதுகாப்பு அளிக்கவும், தோட்ட முதலாளிகள் விரும்பினால் சேரவும் தொகுப்பு இடமளிக்கிறது. 'ஊதியம்' என்பதன் வரையறையும் மாறுகிறது. பழைய சட்டத்தில் ஊதியமாகக் கருதப்பட்ட வீட்டு வாடகைப் படி இனி விலக்கப்படும். விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், மிகுதி மட்டும் ஊதியத்தில் சேரும். இதனால் மொத்தம் ரூ.24,000 பெறும் சிலர் மீண்டும் வரம்புக்குள் வர வாய்ப்புண்டு. மறுபுறம், ஏற்கெனவே வரம்புக்குள் இருப்பவர்களின் சந்தாவும், அதையொட்டிய ரொக்கப் பயனும் குறையலாம்.

பதிவு செய்யாத நிறுவனங்கள் பழைய நிலுவைக்கு அஞ்சாமல் சேரும் வகையில் 'ஸ்ப்ரீ' என்ற சிறப்புத் திட்டமும் 2025 ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டது.

எல்லை ஊர்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது வேறொன்று. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடும், கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும் வசிப்பிடத்தைத் தொடர்பவை. இஎஸ்ஐ வேலையைத் தொடர்வது. காப்பீட்டு எண் நாடெங்கும் ஒன்றே. பதிவின்போது தொழிலாளிக்கு ஒரு மருந்தகத்தையும், வேறிடத்தில் வசிக்கும் குடும்பத்துக்கு மற்றொரு மருந்தகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். நெய்யாற்றின்கரையில் வேலை செய்பவர், விளவங்கோட்டில் உள்ள குடும்பத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்தைக் குறிப்பிட முடியும். முதலாளி படிவத்தை நிரப்பும்போது இந்தக் கட்டத்தில் தமது ஊர் மருந்தகத்தையே எழுதிவிட்டால், நோயுற்ற குழந்தையுடன் எல்லை தாண்டி அலைய வேண்டியவர் தொழிலாளியின் மனைவி. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். அது செலுத்தப்பட்டதா என்பதையும், குடும்ப மருந்தகம் எது எனப் பதிவாகியுள்ளது என்பதையும் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இஎஸ்ஐ இணையத்தளத்தில் தொழிலாளியே பார்த்துக்கொள்ளலாம்.