துடுப்பைக் கொடுங்க சார்!

ரிஷிகேஷ் போய்விட்டு வந்த நண்பர் மொபைலில் வீடியோ காட்டினார். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் சகிதம் ரப்பர் படகில் எட்டுப் பேர். கங்கை முகத்தில் அறைகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் 'ஓ'வென்று கத்துகிறார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேறு. 'உயிர் போய் உயிர் வந்துச்சு' என்றார்.

'அந்தப் பாறைக்கு முன்னால் படகை எப்படித் திருப்பினீங்க?' என்று கேட்டேன்.

ஒரு மாதிரியாகப் பார்த்தார். 'அது கைடு வேலை. அவன் கத்துவான், நாங்க துடுப்புப் போடுவோம். சில இடத்துல போடவும் வேணாம், சும்மா பிடிச்சுக்கிட்டு உக்காருங்கன்னுடுவான்.'

நண்பர் மேல் தப்பே இல்லை. அவருக்கு விற்கப்பட்டது சவாரி. சவாரிக்குக் காசு கொடுத்தார், சவாரி செய்தார். என் கோபம், காட்டாற்று நீரில் படகு வலிப்பது என்ற அருமையான விளையாட்டை ராட்டினம் மாதிரி டிக்கெட் போட்டு விற்றுவிட்டு, 'நம்ம ஊர்ல அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் எப்படி வளர்ந்திருக்கு பாருங்க' என்று மார்தட்டுகிறவர்கள் மீதுதான்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் ஐந்தொகை போட்டுப் பார்க்கும் வியாதி உண்டு. ஒரு தடவை வந்து, கத்திவிட்டு, வீடியோ வாங்கிக்கொண்டு போகிறவர் விற்றுமுதல். கற்றுக்கொண்டு, மறுபடி வந்து, நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்தான் முதல். சிவ்புரியிலிருந்து லட்சுமண் ஜூலா பக்கம் சீசனில் மிதந்து வருகிற கூட்டத்தை எண்ணுங்கள், விற்றுமுதல் பிரமாதம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அடுத்த வருடம் தனியாக ஒரு கயாக்கில் உட்காரப் போகிறார்கள் என்று கேளுங்கள். முதல் பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

கயாக் என்பது ஒருவர் உட்காரும் ஒல்லிப் படகு. இடுப்பைச் சுற்றித் தண்ணீர் புகாத ஒரு பாவாடை, கையில் இரண்டு முனையிலும் பட்டை வைத்த துடுப்பு. கவிழ்ந்தால் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவீர்கள். இடுப்பைச் சொடுக்கிப் படகை நிமிர்த்துவதற்கு 'ரோல்' என்று பெயர். அது வரவில்லையென்றால் பாவாடையின் முன் வளையத்தைப் பிடித்து இழுத்து வெளியே வர வேண்டும். ஆற்றின் கடுமையை ஒன்றிலிருந்து ஆறு வரை வகை பிரித்திருக்கிறார்கள். ஒன்று, சிற்றலை. ஆறு, வித்தகர்களே கரையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் இடம். கவனியுங்கள், ஒன்றும் இரண்டும் இருப்பதே புதியவர்களுக்காகத்தான்.

ஆனால் ஒன்று, இரண்டைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஆற்றங்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு கயாக் கோஷ்டியிடம் போய், கற்றுக்கொள்ள ஆசை என்றேன். முதல் கேள்வி, 'வயசு என்ன சார்?' நாற்பதைத் தாண்டியாச்சு என்றேன். அடுத்து, 'சொந்தமா படகு இருக்கா?' இல்லை. பிறகு அரை மணி நேரம், யாருக்குத் தோள்பட்டை கழன்றது, யார் பாறைக்கு அடியில் சிக்கி மீண்டார் என்று வீரக் கதைகள். கடைசியில் ஒருவர் அன்பாகவே சொன்னார்: 'ராஃப்ட்ல போயிடுங்க சார், அதான் உங்களுக்கு சேஃப்.'

இப்படித்தான் கதவு சாத்தப்படுகிறது. கெட்ட எண்ணமே கிடையாது, பயமுறுத்தல்தான். 'இது எல்லாருக்கும் வராது' என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எல்லோருக்கும் வந்துவிட்டால் நமக்கு என்ன மரியாதை? சங்கீத சபாவிலிருந்து பங்குச்சந்தை வரை பார்த்த வியாதிதான் இது.

ஒலிம்பிக்ஸே இதற்கு விதிவிலக்கில்லை. கேனோ ஸ்லாலம் போட்டி முதன்முதலில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வந்தது. முழங்காலிட்டு ஒற்றைத் துடுப்பில் வலிக்கும் கேனோ அன்றைக்கு ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு அந்தப் போட்டி கிடைத்தது டோக்கியோவில், 2021-ல். நாற்பத்தொன்பது வருஷம்! கதவைத் திறந்ததும் ஆஸ்திரேலியாவின் ஜெஸிகா ஃபாக்ஸ் முதல் தங்கத்தை எடுத்தார். 2024 பாரிஸில் கேனோ, கயாக் இரண்டிலும் தங்கம். அவர் தங்கை நொயேமிக்கு கயாக் கிராஸில் இன்னொன்று. 'இவங்களுக்கு வராது' என்று முடிவு செய்தவர்கள் இப்போது எந்தக் கரையில் நிற்கிறார்களோ.

'ஆபத்தான விளையாட்டு சார், கண்டவனையும் கூப்பிட முடியுமா?' என்பீர்கள். ஆபத்துதான். அதனால்தான் கற்றுக்கொடு என்கிறேன். ஒரே ஒரு உதாரணம். வேகமாக ஓடும் ஆற்றில் விழுந்துவிட்டால் நம் உடம்பு என்ன செய்யும்? காலை ஊன்றி எழுந்து நிற்கப் பார்க்கும். அதுதான் எமன். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் உங்களைக் குப்புற அழுத்திவிடும். இடுப்பளவு நீரிலேயே உயிர் போய்விடும். மல்லாக்கப் படுத்து, காலை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, விரல்களை மேலே தூக்கி மிதக்க வேண்டும். கரை ஒதுங்கும் வரை நிற்கவே கூடாது. கயாக் வகுப்பில் முதல் நாளே இது வந்துவிடும். சவாரிக்காரருக்குப் படகேறும் முன் அவசர அவசரமாக ஒப்பிக்கப்படும். அவர் அப்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்.

கற்றவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் விபத்துக்கு ஒரே பதில்தான்: தடை. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், ஒழுங்கான சட்டம் வகுக்கும் வரை ராஃப்டிங்கை நிறுத்தச் சொன்னது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதற்கு முன் ஒழுங்கு செய்ய வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே கேள்வி.

எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் காலி என்றொரு ஆறு (பெயர்தான் காலி, தண்ணீர் நிறைய). மேலே சம்மர்ஸ்வில் அணை. எண்பதுகளில் அங்கே நீர்மின் திட்டம் பேசப்பட்டபோது, ஆறு போய்விடும் என்று படகுக்காரர்கள் கிளம்பினார்கள். ஒரு பத்து வித்தகர்கள் இல்லை. படகு வலிக்கத் தெரிந்த, ஓட்டும் போடுகிற பெருங்கூட்டம். 1986-ல் சட்டமே வந்தது. இலையுதிர் காலத்தில் குறைந்தது 20 நாள் படகுக்காரர்களுக்காக அணையிலிருந்து தண்ணீர் விட வேண்டும்! 1988-ல் அந்த ஆற்றுப்பகுதியே தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாகிவிட்டது. இங்கே டெஹ்ரி அணையில் பாகீரதியின் எத்தனையோ நுரை நீர் முழுகியதே, விளையாட்டுக்காரன் குரல் எவ்வளவு தூரம் கேட்டது? ஆளே இல்லாத கூட்டத்துக்கு மைக் எதற்கு?

ஆட்கள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. ஆற்றோரத்திலேயே இருக்கிறார்கள். 2023 தொடக்கத்தில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் ஸ்லாலம் போட்டியை மகேஷ்வரில், நர்மதையின் சஹஸ்ரதாராவில் நடத்தினார்கள். நல்ல காரியம். நம் ஒகேனக்கல்லையும் பாருங்கள். அங்கே பரிசல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நீரோட்டத்தைப் படிக்கிறார்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் எங்கே எதிர்த்திசையில் திரும்புகிறது, எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் ஒருவரிடம் துடுப்பைக் கேட்டு வாங்கினேன். பரிசல் தட்டாமாலை சுற்றியது. 'தண்ணிய அடிக்காதீங்க சார், முன்னால போட்டு உங்க பக்கமா இழுங்க' என்றார். இழுத்தேன். நகர்ந்தது. வயசு கேட்கவில்லை, சொந்தப் பரிசல் இருக்கா என்றும் கேட்கவில்லை. இந்த மனிதர் எந்த அகாடமியில் பயிற்சியாளர்? எதிலும் இல்லை. அவர் பெயர் 'கூலி' கணக்கில் இருக்கிறது.

கேரளாக்காரர்கள் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில், சாலிப்புழையிலும் இருவழிஞ்ஞிப்புழையிலும், 2013-ல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் ஆரம்பித்தார்கள். கொட்டுகிற மழையில் வெளிநாட்டு வீரர்கள் வருகிறார்கள், ஜெயித்தவர்களுக்கு 'ரேப்பிட் ராஜா', 'ரேப்பிட் ராணி' என்று பட்டம். கரையெல்லாம் ஜனம், கைதட்டல். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ராஜாவும் ராணியும் மட்டும் இருந்தால் அது நாடாகாதே, குடிமக்கள் வேண்டாமா? விழா முடிந்த மறுநாள், சாதுவான தண்ணீரில், கை தட்டியவர்களைப் படகில் உட்கார வைக்க வேண்டும். அம்மாக்களையும் சேர்த்துத்தான்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. படகுதான் விலை. புதிய கயாக் ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டும், வரவழைக்கும் செலவு தனி. புதியவனிடம் 'முதலில் வாங்கிட்டு வா' என்பது, கார் வாங்கினால்தான் டிரைவிங் சொல்லித்தருவேன் என்பது போல. பழைய படகு போதும், பத்துப் பேர் மாற்றி மாற்றி உட்காரலாம். ரோல் பழக ஆறே தேவையில்லை. நீச்சல் குளம் போதும்.

அதையும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். முதல் குளத்தில், 'படகு இடிச்சு டைல்ஸ் உடையும் சார்' என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் மேனேஜர் யோசித்தார். 'திங்கக்கிழமை எங்களுக்கு லீவு. அன்னிக்குக் காலைல வேணா வந்துக்கோங்க' என்றார். ஆக, குளம் ரெடி, திங்கட்கிழமை ரெடி, நான் ரெடி. படகு மட்டும்தான் இல்லை. மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டு வைத்திருக்கும் வீரர்கள் யாராவது இதைப் படித்தால், பத்திரிகை விலாசத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்.